குரோம் யூபிளாக் ஆரிஜினை நிறுத்திய பிறகு: லைட் போதுமா, மாற வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக: "குரோமில் பல வருடமாக யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனை வைத்திருந்தேன். 'இந்த எக்ஸ்டென்ஷனுக்கு இனி ஆதரவு இல்லை' என்று அதை அணைத்துவிட்டார்கள். யூபிளாக் ஆரிஜின் லைட் என்று வேறொன்று இருக்கிறது. அது போதுமா, ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறியே ஆக வேண்டுமா? குரோமுக்கு அடிப்படையான குரோமியம் ஓப்பன் சோர்ஸ்தானே, யாராவது பழைய வசதியை அப்படியே வைத்துக் கொடுக்க முடியாதா?"

முதலில் நேரடி பதில். செய்தித் தளம், மெயில், கொஞ்சம் வீடியோ என்ற அளவில் புழங்குபவருக்கு லைட் பெரும்பாலும் போதும். தளம் தளமாக நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களையும் சேர்த்து ஒழுங்காகத் தடுக்க வேண்டும், எதைத் தடுப்பது எதை விடுவது என்ற முடிவு தன் கையில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறுவதே சரி. குரோமியத்தை வைத்துப் பழைய வசதியைக் காப்பாற்ற முடியுமா என்ற மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில், கொஞ்ச காலத்துக்கு முடியும், நீண்ட நாளைக்கு நம்பி இருக்க முடியாது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் எதைத் தேர்வு செய்வது என்பது தானே தெளிவாகும்.

மாறியது என்ன? ஒரு பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் என்று பல கோரிக்கைகளை அனுப்புகிறது. செய்தித் தளம் என்றால் நூற்றுக்கு மேலும் போகும். எக்ஸ்டென்ஷன்களுக்கான பழைய விதிமுறையில், அதாவது மேனிஃபெஸ்ட் வி2-இல், ஒவ்வொரு கோரிக்கையும் வெளியே போகும் முன் வெப்ரிக்வெஸ்ட் என்ற ஏபிஐ (பிரவுசரும் எக்ஸ்டென்ஷனும் பேசிக்கொள்ளும் ஏற்பாடு) வழியாகப் பிரவுசர் எக்ஸ்டென்ஷனிடம் கேட்கும்: "இதை அனுப்பட்டுமா?" எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள், எந்த டொமைனுக்குப் போகிறது, படமா ஸ்கிரிப்டா என்று தன் சொந்த நிரலால் ஆராய்ந்து யூபிளாக் ஆரிஜின் பதில் சொல்லும். புதிய முறையான மேனிஃபெஸ்ட் வி3-இல் அந்தக் கேள்வியே கிடையாது. டிக்ளரேடிவ் நெட் ரிக்வெஸ்ட் என்ற ஏபிஐ மூலம் விதிகளை முன்கூட்டியே எழுதிப் பிரவுசரிடம் ஒப்படைக்க வேண்டும். பொருத்திப் பார்ப்பதும் முடிவெடுப்பதும் பிரவுசர். முன்பு வாசலில் நம் ஆள் நின்றார். இப்போது வீட்டு உரிமையாளரின் வாட்ச்மேனிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். சீட்டில் எத்தனை வரி எழுதலாம், எப்படிப்பட்ட வரி எழுதலாம் என்பதையும் உரிமையாளரே தீர்மானிக்கிறார்.

அந்த வரிகளின் கணக்கு: ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு உறுதியாகக் கிடைப்பது 30,000 நிலையான விதிகள். 2019 ஜனவரியில் வரைவு வெளியே தெரிந்தபோது, ஈஸிலிஸ்ட் என்ற ஒரே விளம்பரத் தடுப்புப் பட்டியலுக்குக்கூட இது போதாது என்று யூபிளாக் ஆரிஜினை எழுதிய ரேமண்ட் ஹில் சுட்டிக்காட்டினார். எதிர்ப்பு வலுத்த பிறகு, எல்லா எக்ஸ்டென்ஷன்களும் பங்கிட்டுக்கொள்ளும் 3 லட்சம் விதிகள் கொண்ட பொதுக் கிடங்கு ஒன்றைச் சேர்த்தார்கள். ஓடும்போது சேர்க்கும் விதிகளின் எல்லையும் 5,000-இலிருந்து 30,000-க்கு உயர்ந்தது. முகவரியின் எழுத்து அமைப்பை வைத்துப் பொருத்தும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் விதிகளுக்கு மட்டும் இன்னமும் 1,000 தான். எண்ணிக்கையைப் பொறுத்தவரை பிரச்சினை பாதி தணிந்துவிட்டது என்று சொல்லலாம்.

தணியாதது வேறு. முதலாவது, வேகம். ஒரு பெரிய வீடியோ தளம் விளம்பரத்தைச் செருகும் முறையைக் காலையில் மாற்றினால், பட்டியல் பராமரிப்பவர்கள் மதியத்துக்குள் பதில் விதி எழுதிவிடுவார்கள். முழு யூபிளாக் ஆரிஜின் அதைச் சில மணி நேரத்தில் நேராக இறக்கிக்கொள்ளும். லைட்டில் பட்டியல்கள் எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே கட்டிவைக்கப்பட்டவை. புதிய விதி வர வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷனின் புதிய பதிப்பே குரோம் வெப் ஸ்டோர் வழியாக வர வேண்டும். விதிகளில் மட்டும் மாற்றம் என்றால் பரிசீலனையைத் தாண்டிச் செல்ல ஒரு வழி கொடுத்திருக்கிறார்கள்; ஆனால் தளத்தின் தந்திரத்தை முறியடிக்கப் பெரும்பாலும் பக்கத்துக்குள் ஓடும் சிறு ஸ்கிரிப்ட்தான் வேண்டியிருக்கிறது, அதற்கு அந்த வழி கிடையாது. இந்தத் துறையில் ஒரு நாள் தாமதம் என்பது பெரிய தாமதம்.

இரண்டாவது, சிநேம் மறைப்பு. டொமைன் பெயருக்கு உரிய சர்வர் எது என்று சொல்லும் முகவரிப் புத்தகம் டிஎன்எஸ்; அதில் ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் பதிவு சிநேம். 2019 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு உதாரணம்: லிபரேசியோன் என்ற பிரெஞ்சு நாளிதழின் தளத்தில், எழுத்தும் எண்ணும் கலந்த, பொருள் புரியாத ஒரு துணை டொமைன் இருந்தது. பார்த்தால் நாளிதழின் சொந்த முகவரி. டிஎன்எஸ்ஸில் தேடினால் அது யூலேரியன் என்ற கண்காணிப்பு நிறுவனத்தின் சர்வரைக் காட்டியது. பிரவுசர் பார்ப்பது வெளிப்பெயரை மட்டுமே, ஆகவே மூன்றாம் தரப்பு டிராக்கரைத் தடுக்கும் எந்த விதியும் அதில் பிடிபடாது. யூபிளாக் ஆரிஜின் 2020 தொடக்கத்தில் இதற்கு மாற்று கொண்டுவந்தது: கோரிக்கையை நிறுத்திவைத்து, டிஎன்எஸ்ஸிடம் உண்மைப் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைப் பட்டியலோடு ஒப்பிடும். எக்ஸ்டென்ஷன் டிஎன்எஸ்ஸைக் கேட்க வழி கொடுத்திருப்பது ஃபயர்ஃபாக்ஸ் மட்டுமே. குரோமில் மேனிஃபெஸ்ட் வி2 இருந்த காலத்திலும் இது கிடைக்கவில்லை. பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லைப் பிரவுசர் படித்து வரையும் முன்பே அதில் உள்ள ஸ்கிரிப்டை வெட்டி எறியும் வசதியும் அப்படித்தான். ஆகவே "குரோமில் முன்பு கிடைத்ததே ஃபயர்ஃபாக்ஸில் கிடைக்கும்" என்பது குறைத்துச் சொல்வது; அங்கே கூடுதலாகவே கிடைக்கும்.

கூகுளின் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். எல்லாக் கோரிக்கைகளையும் பார்க்கும் அதிகாரம் ஒரு எக்ஸ்டென்ஷனிடம் இருப்பது ஆபத்து என்கிறார்கள். அது உண்மை. 2020 அக்டோபரில் நானோ ஆட்பிளாக்கர், நானோ டிஃபெண்டர் என்ற இரண்டு எக்ஸ்டென்ஷன்களும் கைமாறின; வாங்கியவர்கள் பயனர்களின் தரவைத் திருடும் நிரலைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் மேனிஃபெஸ்ட் வி3 எடுத்துவிட்டது தடுக்கும் அதிகாரத்தை மட்டும்தான். கோரிக்கைகளை வேடிக்கை பார்க்கும் அதிகாரம் அதே வெப்ரிக்வெஸ்டில் இன்றும் இருக்கிறது. திருட நினைக்கும் எக்ஸ்டென்ஷனுக்குப் பார்த்தால் போதும், தடுக்கத் தேவையில்லை. தடுப்பதற்கு அந்த அதிகாரம் தேவைப்பட்டது ஆட் பிளாக்கர்களுக்குத்தான். பாதுகாப்புக் காரணம் என்ற விளக்கம் இந்த இடத்தில் நிற்காமல் போகிறது. வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டக் கூடாது என்ற வி3 தடை நல்ல மாற்றம். அதை மட்டும் கொண்டுவந்து இதை விட்டிருக்கலாம்.

இப்போது ஓப்பன் சோர்ஸ் கேள்வி. குரோமியத்தின் மூல நிரல் திறந்ததுதான், யாரும் எடுத்துத் தன் பிரவுசரைக் கட்டலாம். ஆனால் வெப்ரிக்வெஸ்ட் தடுப்பைத் தாங்கும் பகுதியை மூலத்திலிருந்தே எடுத்துவிட்டால், குரோமியத்தில் கட்டிய பிரேவ், விவால்டி போன்ற பிரவுசர்கள் அதைத் தனி ஒட்டாகச் சுமக்க வேண்டும். குரோம் 2021-இல் 4 வாரத்துக்கு ஒரு பதிப்பு என்ற வேகத்துக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் சுற்றியுள்ள நிரல் நகரும், ஒட்டு பொருந்தாது, ஆட்கள் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் அவசரமாக வரும் வாரத்தில் அந்த வேலை முதலில் கைவிடப்படும். நிரலை எப்படியோ காப்பாற்றினாலும் கடை வேறு கையில் இருக்கிறது: வெப் ஸ்டோர் 2022 ஜனவரியிலேயே புதிய வி2 எக்ஸ்டென்ஷன்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. அதனால்தான் பிரேவ், யூபிளாக் ஆரிஜின், ஆட்கார்ட், நோஸ்கிரிப்ட், யூமேட்ரிக்ஸ் ஆகிய நான்கை மட்டும் தன் சர்வரிலேயே வைத்துக் கொடுக்கத் தொடங்கியது. முடிந்தவரை மட்டும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

நிரல் திறந்திருப்பது வேறு, அதன் போக்கை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது வேறு. குரோமியத்தில் வெளியாட்களின் பங்களிப்பு ஏற்கப்படுகிறது. எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்ற பெரிய முடிவுகள் கூகுளில்தான் எடுக்கப்படுகின்றன. அந்த நிறுவனத்தின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2023-இல் விளம்பரத்தில் ஈட்டியது சுமார் 23,800 கோடி டாலர். டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் 2007-இல் ஆனது, 2008-இல் முடிந்தது. வெப்சைட் உரிமையாளர் பக்கத்து விளம்பர சர்வரும், ஏலம் நடக்கும் சந்தையும் அதன் பிறகு ஒரே கூரைக்குள் வந்தன. இந்த இரண்டிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியதாக 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிபதி லியோனி பிரின்கெமா தீர்ப்பளித்தார். தேடலில் ஏகபோகம் என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார். முன்னிருப்புத் தேடலாக இருப்பதற்கு 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்த கணக்கு அந்த வழக்கில்தான் வெளிவந்தது. குரோமை விற்க வேண்டும் என்ற அரசுத் தரப்புக் கோரிக்கையை 2025 செப்டம்பரில் அவர் ஏற்கவில்லை. இந்தியாவிலும் 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டு போன்களில் தன் செயலிகளைக் கட்டாயமாகச் சேர்த்து அனுப்பியது உள்ளிட்டவற்றுக்காக, போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குரோம் நம் போனில் நாம் இறக்காமலே இருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் உண்டு.

2023-இல் வெப் என்விரான்மென்ட் இன்டெக்ரிட்டி என்று ஒரு யோசனையைக் கூகுள் பொறியாளர்கள் முன்வைத்தார்கள். உங்கள் பிரவுசரும் சாதனமும் "மாற்றப்படாதவை" என்று மூன்றாம் தரப்பு சான்று கொடுத்தால்தான் தளம் உங்களை நம்பும் என்ற ஏற்பாடு அது. ஜூலையில் பெரும் எதிர்ப்பு, நவம்பரில் கைவிட்டார்கள். அது வந்திருந்தால் மாற்றியமைத்த பிரவுசர், சிறிய பிரவுசர் எல்லாம் தளங்களின் தயவில் நின்றிருக்கும். பக்கத்தை வரைந்து காட்டும் ஒரே எஞ்சின் எல்லா இடத்திலும் இருப்பது ஏன் கவலைக்குரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஓபரா 2013-இல் தன் சொந்த எஞ்சினான பிரெஸ்டோவை விட்டது. மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு வந்தது. பரவலாகப் புழங்கும் எஞ்சின்களில் மிச்சம் கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் கெக்கோ. இந்த மூன்றில் தடுக்கும் வெப்ரிக்வெஸ்டை இன்னும் வைத்திருப்பது கெக்கோ ஒன்றுதான். ஆப்பிள் இதைக் கூகுளுக்கு முன்பே செய்தது என்பதையும் மறக்கக் கூடாது: 2019-இல் சஃபாரி 13 பழைய எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தியபோது யூபிளாக் ஆரிஜின் அங்கிருந்து காணாமல் போனது.

ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறும் வேலை அரை மணி நேரத்துக்குள் முடியும். நிறுவியதும் செட்டிங்ஸில் பிற பிரவுசரிலிருந்து தரவு இறக்கும் பகுதியைத் திறந்து குரோமைத் தேர்வு செய்தால் புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்டு வந்துவிடும். பாஸ்வேர்டு மட்டும் சில சமயம் முரண்டு பிடிக்கும். அப்போது குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து இங்கே இறக்குங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை நிரந்தரமாக அழித்துவிட வேண்டும், அதில் எல்லாப் பாஸ்வேர்டும் வெறும் எழுத்தாக இருக்கும். பிறகு மொசில்லாவின் ஆட்-ஆன் தளத்தில் யூபிளாக் ஆரிஜினைத் தேடுங்கள். எழுதியவர் பெயர் ரேமண்ட் ஹில் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் "ஆரிஜின்" இல்லாத வெறும் யூபிளாக் என்பது 2015-இல் பிரிந்துபோன வேறு திட்டம், இப்போது வேறு உரிமையாளர்களிடம் இருக்கிறது. ஒரே மாதிரிப் பெயரில் போலிகள் வருவது இந்தத் துறையின் பழைய நோய். 2018-இல் ஆட்கார்ட் நிறுவனம் குரோம் கடையில் கண்டுபிடித்த 5 போலி ஆட் பிளாக்கர்களை 2 கோடிக்கு மேற்பட்டோர் நிறுவியிருந்தார்கள்.

அமைப்புகளில் அதிகம் கைவைக்கத் தேவையில்லை. முன்னிருப்பாக யூபிளாக்கின் சொந்தப் பட்டியல்கள், ஈஸிலிஸ்ட், ஈஸிபிரைவசி, தீங்கான முகவரிகளின் பட்டியல், பீட்டர் லோவின் பட்டியல் இருக்கும். ஃபில்டர் பட்டியல் பக்கத்தில் குக்கீ அறிவிப்புகளுக்கான பட்டியலையும் தொல்லைகளுக்கான பட்டியலையும் கூடுதலாக இயக்கலாம். மொழிவாரிப் பகுதியில் இண்டியன்லிஸ்ட் என்று ஒன்று உண்டு. தமிழ்த் தளங்களை அதிகம் படிப்பவர்கள் அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும், ஈஸிலிஸ்டில் வராத உள்ளூர் விளம்பர ஏற்பாடுகள் அதில்தான் பிடிபடும். கண்ணில் படும் எல்லாப் பட்டியலையும் டிக் செய்வது தவறு. ஒன்றோடொன்று மோதி, தளங்கள் உடையும், எது உடைத்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

அதைவிடப் பெரிய தவறு இரண்டு ஆட் பிளாக்கர்களை ஒன்றாக ஓட்டுவது. "ஆட் பிளாக்கரை அணைத்தால்தான் வீடியோ" என்ற எச்சரிக்கை வருகிறது என்று புகார் சொல்பவர்களில் பலரிடம் இன்னொரு பிளாக்கரோ, அதே வேலையைச் செய்யும் ஆன்டிவைரஸ் எக்ஸ்டென்ஷனோ இருக்கும். யூபிளாக் ஆரிஜின் சில இடங்களில் விளம்பரக் கோரிக்கையை வேண்டுமென்றே விட்டு, உள்ளே ஒரு போலிப் பதிலைக் கொடுத்துத் தளத்தைச் சமாதானப்படுத்தும். இரண்டாவது பிளாக்கர் அந்தக் கோரிக்கையை வெட்டிவிட்டால் தளத்துக்கு உடனே தெரிந்துவிடும். எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டிய வரிசை: மற்ற பிளாக்கர்களை நீக்குவது, ஃபில்டர் பட்டியல் பக்கத்தில் கேச்சை முழுக்க அழித்துவிட்டு உடனே புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துவது, தாவலை மூடித் திறப்பது. ஆட் பிளாக்கருக்கு மதிப்பெண் போடும் சோதனைத் தளங்களை நம்ப வேண்டாம்; அவை மேற்சொன்ன போலிப் பதில் உத்தியைத் தோல்வி என்று கணக்குப் போடும்.

தளம் உடைவது நடக்கத்தான் செய்யும். பணம் கட்டும் பக்கத்தில் ஓடிபி பெட்டி வராமல் போவது, முன்பதிவு படிவத்தில் பொத்தான் அசையாமல் நிற்பது ஆகியவை வழக்கமானவை. பரிவர்த்தனை நடுவில் இருக்கும்போது ஆராய்ச்சி செய்யாதீர்கள்: எக்ஸ்டென்ஷன் ஐகானில் உள்ள பெரிய பவர் பொத்தானை அழுத்தி அந்தத் தளத்துக்கு அணைத்துவிட்டுத் தொடருங்கள். கண்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்தினால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அணையும். அணைத்தும் சரியாகவில்லை என்றால் குற்றவாளி வேறு. முகவரிப் பட்டையின் கேடய ஐகானில் ஃபயர்ஃபாக்ஸின் சொந்த டிராக்கர் தடுப்பையும் அந்தத் தளத்துக்கு நிறுத்திப் பாருங்கள். நேரம் இருக்கும்போது யூபிளாக்கின் லாக்கரை (நடந்ததைப் பதிவு செய்து காட்டும் பக்கம்) திறந்து பக்கத்தை ரீலோட் செய்தால், சிவப்பில் வரும் வரிகளில் எந்த விதி எந்தக் கோரிக்கையை வெட்டியது என்று பட்டியலின் பெயரோடு தெரியும்.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்புபவர்களுக்கு மீடியம் மோட். செட்டிங்ஸில் "மேம்பட்ட பயனர்" என்பதை இயக்கினால் ஐகானின் பலகையில் வரிசைகள் விரியும். மூன்றாம் தரப்பு ஸ்கிரிப்ட், மூன்றாம் தரப்பு ஃபிரேம் (பக்கத்துக்குள் பதித்த வேறு தளத்தின் பகுதி) இரண்டையும் எல்லாத் தளத்துக்கும் பொருந்தும் இடப்பக்கக் கட்டத்தில் சிவப்பாக்குங்கள். முதல் வாரம் பல தளங்கள் அரைகுறையாகத் தெரியும். அவற்றில் தேவையான டொமைனை மட்டும் வலப்பக்கக் கட்டத்தில் சாம்பல் நிறமாக்கி, பூட்டு ஐகானை அழுத்திச் சேமிக்க வேண்டும். பச்சை நிறத்தைத் தவிருங்கள்: சாம்பல் என்றால் இந்த விதி மட்டும் விலகும், பட்டியல்கள் தொடர்ந்து காவல் காக்கும், பச்சை என்றால் எல்லாக் காவலும் விலகும். பூட்டை அழுத்த மறந்தால் பிரவுசரை மூடியதும் அத்தனையும் போய்விடும். பட்டியலில் இன்னும் ஏறாத டிராக்கரையும் இந்த முறை நிறுத்தும், அதுதான் இதன் பலம். லைட்டில் இது கிடையாது.

குரோமை விட முடியாத நிலை பலருக்கு உண்டு, அலுவலக லேப்டாப் என்றால் வேறு வழியில்லை. அவர்கள் லைட்டை நிறுவி, தேவையான தளங்களில் நிலையை உயர்த்திக்கொள்ளலாம். தடுப்பே இல்லாதது, அடிப்படை, உகந்தது, முழுமை என்று நான்கு நிலைகள். அடிப்படையில் எக்ஸ்டென்ஷனுக்குப் பக்கத்தைப் படிக்கும் அனுமதியே தேவையில்லை, முழு வேலையும் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். அது ஒரு நல்ல குணம். ஆனால் விளம்பரம் போன இடத்தில் வெற்றுப் பெட்டி நிற்கும், அடம்பிடிக்கும் தளங்கள் பிளாக்கரைக் கண்டுபிடித்துவிடும். உகந்ததும் முழுமையும் அனுமதி கேட்கும், வேலையும் நன்றாகச் செய்யும். எதுவாக இருந்தாலும் பழைய குரோம் பதிப்பைப் புதுப்பிக்காமல் பிடித்துவைத்துக்கொள்வது மட்டும் கூடாது. யூபிளாக்குக்காகப் பழைய பதிப்பில் நிற்பவர் ஆட் பிளாக்கரால் தடுக்க முடியாத ஓட்டைகளைத் திறந்துவைத்திருக்கிறார். வி2 எக்ஸ்டென்ஷன்களைத் தொடர நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்த பாலிசி விலக்கும் குரோம் 139-ஆம் பதிப்போடு போய்விட்டது.

பிரேவ் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அதன் தடுப்பு எஞ்சின் எக்ஸ்டென்ஷன் அல்ல, ரஸ்ட் மொழியில் எழுதி பிரவுசருக்குள்ளேயே வைத்தது. ஆகவே மேனிஃபெஸ்ட் வி3 அதைத் தொடாது, சிநேம் மறைப்பையும் கண்டுபிடிக்கும். குரோமிலிருந்து மாறப் பழகாதவருக்கு நல்ல இடைநிலை. ஆனால் அந்த நிறுவனமும் தன் சொந்த விளம்பரத்தில் சம்பாதிக்கிறது. 2020-இல் முகவரிப் பட்டையில் சில கிரிப்டோ தளங்களைத் தட்டச்சு செய்தால் தன் கமிஷன் குறியீட்டைச் சேர்த்துவிடுவது தெரியவந்து, பிறகு நிறுத்தினார்கள். எஞ்சினும் பிளிங்க்தான்.

ஃபயர்ஃபாக்ஸும் மாசற்றது என்று சொல்ல மாட்டேன். 2025 மே மாதம் மொசில்லாவின் நிதித் தலைவர் நீதிமன்றத்தில் சொன்னபடி, வருவாயில் சுமார் 90 சதவீதம் ஃபயர்ஃபாக்ஸ் வழியாக வருகிறது, அதில் சுமார் 85 சதவீதம் கூகுளோடு உள்ள தேடல் ஒப்பந்தம். 2024-இல் அனோனிம் என்ற விளம்பர நிறுவனத்தை மொசில்லா வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் 128-ஆம் பதிப்பில் விளம்பரப் பலனை அளக்கும் ஏற்பாடு ஒன்றை, கேட்காமலே இயக்கி அனுப்பியது. செட்டிங்ஸின் தனியுரிமைப் பகுதியில் அந்த டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இவ்வளவு சொல்லியும் ஃபயர்ஃபாக்ஸையே பரிந்துரைக்கிறேன், காரணம் தடுக்கும் வெப்ரிக்வெஸ்டை மேனிஃபெஸ்ட் வி3-இலும் வைத்திருப்போம் என்று சொல்லி அப்படியே வைத்திருக்கிறார்கள்.

போனில் விஷயம் எளிது. ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே கிடையாது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் மெனுவில் எக்ஸ்டென்ஷன் பகுதிக்குப் போய் முழு யூபிளாக் ஆரிஜினையே நிறுவலாம். ஐபோனில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே எல்லா பிரவுசரும் வெப்கிட்டில்தான் ஓட வேண்டியிருந்திருக்கிறது. அங்கே ஃபயர்ஃபாக்ஸ் நிறுவியும் பயனில்லை, சஃபாரிக்கான கன்டென்ட் பிளாக்கர் ஒன்றைப் போடுங்கள். யூபிளாக் ஆரிஜின் லைட் 2025-இல் சஃபாரிக்கும் வந்துவிட்டது.

செயலிகளுக்குள் வரும் விளம்பரத்தையும் டிவியையும் எந்த பிரவுசரும் தொட முடியாது, அதற்கு டிஎன்எஸ் தடுப்பு. ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் அமைப்பில் பிரைவேட் டிஎன்எஸ் என்று இருக்கும். ஆட்கார்ட் டிஎன்எஸ் போன்ற சேவையின் தளத்தில் கொடுத்திருக்கும் ஹோஸ்ட்நேமை அதில் ஒட்டினால் போதும். ரயில் நிலையம், விடுதி போன்ற இடங்களின் வைஃபை லாகின் பக்கம் வராமல் போனால் அதைத் தற்காலிகமாக அணைத்து லாகின் செய்துவிட்டுத் திரும்ப இயக்குங்கள். வீடு முழுவதற்கும் என்றால் பை-ஹோல் என்ற டிஎன்எஸ் தடுப்பு மென்பொருள். அதை ஓட்ட ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினி போதும், 512 எம்பி ரேம் கொண்ட எந்தப் பழைய கணினியும் போதும். அதற்கு நிலையான ஐபி கொடுத்து, ரூட்டரின் டிஹெச்சிபி பகுதியில் (வீட்டுச் சாதனங்களுக்கு ஐபியும் டிஎன்எஸ்ஸும் கொடுக்கும் இடம்) டிஎன்எஸ்ஸாக அந்த ஐபியைப் போட வேண்டும்.

இங்கே பெரும்பாலோர் சறுக்குவது இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில். "ஒன்று போனால் இன்னொன்று" என்று நினைத்து கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போடுவார்கள். சாதனங்கள் அப்படி வரிசையாகக் கேட்பதில்லை, நினைத்த நேரத்தில் எதையும் கேட்கும்; விளம்பரம் பாதி வரும், பாதி வராது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது பை-ஹோல் வையுங்கள். ஃபைபர் இணைப்பில் ஐபிவி6 இருந்தால் ரூட்டர் தன் சொந்த ஐபிவி6 டிஎன்எஸ் முகவரியையும் அறிவிக்கும், அதையும் மாற்றாவிட்டால் கசியும். இணைய நிறுவனம் கொடுத்த ரூட்டர் டிஎன்எஸ்ஸை மாற்ற விடாவிட்டால் அதன் டிஹெச்சிபியை அணைத்துப் பை-ஹோலின் டிஹெச்சிபியை இயக்கலாம். சில டிவிகள் யாரையும் கேட்காமல் 8.8.8.8-ஐயே நேரடியாகக் கேட்கும். ரூட்டர் ஃபயர்வாலில், பை-ஹோலைத் தவிர மற்ற சாதனங்களுக்கு, டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53-ஆம் போர்ட்டை வெளியே போகாமல் தடுத்தால் வழிக்கு வரும். யூடியூப் விளம்பரத்தை டிஎன்எஸ்ஸால் தடுக்க முடியாது. வீடியோவும் விளம்பரமும் ஒரே டொமைன்களிலிருந்து வருவதால், ஒன்றை வெட்டினால் இரண்டும் போகும்.

தளம் நடத்துபவர்களின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. ஆட்பிளாக் பிளஸ் 2011-இல் "ஏற்கத்தக்க விளம்பரம்" என்று ஒரு பாதை போட்டது. அந்தப் பாதையில் விளம்பரத்தை அனுமதிக்கப் பெரிய நிறுவனங்களிடம் அதன் உரிமையாளரான ஐயோ (Eyeo) என்ற நிறுவனம் கட்டணம் வாங்குகிறது. தடுப்பவரே சுங்கம் வசூலிக்கும் இந்த ஏற்பாடு எனக்கு ஏற்புடையதல்ல. தனக்குப் பிடித்த சிறு தளத்துக்கு யூபிளாக்கை அணைப்பதும், சந்தா கட்டுவதும் நேரான வழி. அதேசமயம் விளம்பரச் சங்கிலி பாதுகாப்பானதாக இல்லை என்பதும் உண்மை: தேடல் விளம்பரத்தில் பிரபல நிறுவனங்களின் பெயரில் மோசடித் தளங்கள் வருவதால் ஆட் பிளாக்கர் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே அறிவுரை வெளியிட்டது. வங்கிப் பெயரைத் தேடி முதல் சுட்டியை அழுத்தும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் கணினியில்தான் முதலில் இதைப் போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. ரேமண்ட் ஹில் நன்கொடை வாங்குவதில்லை. பட்டியல்களைப் பராமரிப்பவர்களுக்கு உதவுங்கள் என்கிறார். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒழுங்கான புகார். விளம்பரம் நழுவினாலோ தளம் உடைந்தாலோ, பட்டியல்களைப் புதுப்பித்து, மற்ற எக்ஸ்டென்ஷன்களை அணைத்துப் பாருங்கள். அப்படியும் இருந்தால் ஐகானின் பலகையில் உள்ள பேச்சுக்குமிழ் பொத்தானை அழுத்தி, பக்கத்தின் முழு முகவரி, எந்த இடத்தில் என்ன தெரிகிறது என்ற ஒரு வரி, ஒரு ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். எக்ஸ்டென்ஷனின் பதிப்பு எண்ணும் இயக்கத்தில் உள்ள பட்டியல்களும் அதிலேயே தானாக நிரம்பும். கணக்கு விவரமோ ஆர்டர் எண்ணோ முகவரியில் இருந்தால் அனுப்பும் முன் அந்தப் பகுதியை நீக்கிவிடுங்கள், ஏனென்றால் அந்தப் புகார் எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப்பில் பதிவாகும்.